நான் சொல்லாமல் விட்ட அளவு

என் தங்கைக்கு வந்த ஒரு நல்ல சம்பந்தத்தை நான் ஒரே பதிலில் கலைத்தேன். அந்தப் பதிலில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யே சேர்க்காமல் ஒருவரை ஏமாற்றுவது எப்படி என்று படித்தவனுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்திருந்தது.

ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் எங்கள் ஊர். கிணற்றுப் பாசனம், கடலையும் மரவள்ளியும் விளையும் செம்மண் காடு. நான் சென்னைக்குப் போய் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டுச் சேலத்தில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வகையறாவில் அவ்வளவு தூரம் படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் ஊரில் யாருக்கு மஞ்சள் காமாலை வந்தாலும், எந்தக் கம்பெனி மோட்டார் வாங்கலாம் என்றாலும், வானத்தில் வால் நட்சத்திரம் தெரிந்தாலும் என்னைக் கேட்பார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

எண்பதுகளின் தொடக்கம். என் தங்கைக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தார். எங்கள் இனம்தான். டிப்ளமோ படித்துவிட்டு, ராஜஸ்தானில் இருக்கும் அணுமின் நிலையத்தில் பயிற்சி முடித்தவர். சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் கட்டிக்கொண்டிருந்த புது நிலையத்தில் அப்போது வேலை. அரசாங்கச் சம்பளம், குடியிருக்க வீடு. ஆனால் எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் அணுவில் வேலை செய்பவருக்குப் பெண் கொடுத்ததில்லை.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று கேள்வி கேட்கும் பொறுப்பை என் பெரியப்பா எடுத்துக்கொண்டார். அவருக்கு யாரையாவது நடுவில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதென்றால் சாப்பாடே வேண்டாம்.

"ஏந் தம்பி, அந்த அணுவக் கையில புடிப்பீங்களா, இடுக்கியில புடிப்பீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பையனும் சிரித்துவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"உலைக்குள்ள போறதுக்கு முன்னாடின்னா கையுறை போட்டுக் கையிலயே தூக்கலாமுங்க மாமா. அது பாட்டுக்கு வெறகுக்கட்டையாட்டம் கெடக்கும். உள்ள போய் வெந்து வெளிய வந்ததுக்கப்புறம்தான் கிட்டப் போகக் கூடாது. அத மெஷினே எடுத்துத் தண்ணித் தொட்டிக்குள்ள உட்ருமுங்க."

"வெடிச்சுப் போட்டா? ஜப்பான்ல போட்டானே, அதாட்டம்?"

"அதாட்டம் வெடிக்காதுங்க. வெடிக்கிற சரக்கு இதுல ஆயிரத்துக்கு ஏழு பங்குதான் இருக்குது. குண்டு செய்யறவன் அத வடிச்சு வடிச்சுத் தனியாச் சேத்தோணும்."

"அதென்னமோ போங்க. அந்தக் கரண்டு நம்ம லைனுக்கும் வருமாமே? அதுல மோட்டார் ஓடுனா கெணத்துத் தண்ணி கெட்டுப் போயிராதா?"

"இப்ப மேட்டூர்க் கரண்டுலதானுங்க ஓடுது? ஒயரத் தொட்டா கை நனையுதுங்களா மாமா?"

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் தங்கை. அம்மா அவளை அதட்டியதும் கேட்டது. பெரியப்பா விடவில்லை.

"அங்க வேல பாக்கறவங்களுக்குக் கொழந்த பொறக்காதுங்கறாங்களே?"

அவர் முகம் சற்றுச் சிவந்தது. "எங்க சூப்பர்வைசருக்கு நாலுங்க. எப்படி நிறுத்தறதுன்னுதான் அவருக்கு வழி தெரியலீங்க."

அதன் பிறகு பெரியப்பாவே சிரித்துவிட்டார். உள்ளே வேலை செய்யும் ஒவ்வொருவரும் சட்டையில் ஒரு சிறு பட்டை மாட்டிக்கொள்வார்கள், உடம்பில் எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்பதை அது பதிந்துகொள்ளும், வரம்பை நெருங்கினால் அந்த ஆளை உள்ளே விடமாட்டார்கள் என்றெல்லாம் அவர் நிதானமாகச் சொன்னார். முட்டாள்தனமான கேள்விக்குக்கூட எதிரில் இருப்பவரை முட்டாளாக்காமல் பதில் சொன்னார். எனக்கு அது வராது. என் தங்கை கதவோரம் நின்று அதைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

அவர்கள் போன பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "ஏண்ணா, அங்க ஊட்டுக்குள்ள இருந்தே கடல் தெரியுமா?" கடலைப் பார்க்காத பெண் அவள். சம்மதம் என்பதை அவளால் அப்படித்தான் சொல்ல முடியும்.

அதே சமயத்தில் இன்னொரு பேச்சும் நடந்துகொண்டிருந்தது. நாமக்கல்லில் ஒரு லாரிக் குடும்பம். மாப்பிள்ளையான மூத்த மகன் சொந்தமாக இரண்டு வண்டி வைத்து ஒன்றைத் தானே ஓட்டுகிறவர். அவருக்கு ஒரு தங்கை. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதென்றால் மட்டுமே சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். அதாவது, என் தங்கை அந்த வீட்டுக்குப் போனால் அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு வருவாள். எனக்கு மனைவியாக.

அந்தப் பெண்ணை நான் அதற்கு முன்பே ஒரு கல்யாணத்தில் பார்த்திருந்தேன். பந்தியில் பரிமாறிக்கொண்டு வந்தவள் என் இலையைப் பார்த்து, "வாத்தியாருங்களா? பசங்க பரீட்சையில பாதி எழுதிட்டுப் போனா மார்க்குப் போடுவீங்களா? அப்புறம் எலைய மட்டும் பாதியில மூடறீங்க!" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தக் குரல் என்னோடு சேலத்துக்கு வந்துவிட்டது. வகுப்பில் விடைத்தாள் கொடுக்கும்போதெல்லாம் அது எனக்குக் கேட்டது. யாரிடமும் இதை நான் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படிச் சொல்லும் வழக்கமும் இல்லை.

அப்பாவின் மனம் அணுமின் நிலையப் பையன் பக்கம்தான் சாய்ந்திருந்தது. மகளுக்குப் பிடித்திருக்கிறது என்று அம்மா சொல்லியிருந்தாள். குலதெய்வக் கோயிலில் பூக் கேட்டார்கள். வெள்ளை அரளியையும் செவ்வரளியையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வது. வெள்ளை வந்தால் உத்தரவு. வெள்ளைதான் வந்தது. நான் தள்ளி நின்று கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்கு நம்பிக்கை கிடையாது என்பதை எல்லோருக்கும் தெரியும்படி நிற்பது என் வழக்கம்.

கோயிலிலிருந்து திரும்பி வந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். பெரியப்பாவும் அம்மாவும் இருந்தார்கள்.

"ஆத்தா பூக் குடுத்துட்டா. ஆனா அவளுக்கு மழை தெரியும், வெள்ளாம தெரியும். இந்த அணு சமாச்சாரம் தெரியுமோ என்னமோ. அதுக்குத்தான் உன்னைய அவ்வளவு தூரம் படிக்க வெச்சேன். நீ சொல்லு சாமி. அங்க குடுக்கலாமா, வேண்டாமா?"

அப்பா அந்தக் கேள்வியை விளையாட்டாகக் கேட்கவில்லை. தெய்வத்துக்கு மேலே ஒரு படி வைத்து என்னைக் கேட்டார். யோசிக்கிறேன் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் நான் சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"கதிர்வீச்சு சந்ததியப் பாதிக்கும்னு புஸ்தகத்துல இருக்குதுங்கப்பா. அங்க வேலை செய்யறவங்க மேல அது படத்தான் செய்யும். அதுக்கு மேல உங்க இஷ்டம்."

அவ்வளவுதான். அம்மா உள்ளே போய்விட்டாள். அப்பா தலையை ஆட்டினார். பெரியப்பா, "நான் அன்னைக்கே கேட்டேனில்ல?" என்றார்.

அதில் முதல் இரண்டு வாக்கியமும் சரியானவைதான். எந்தப் பாடப் புத்தகத்திலும் காட்டலாம். நான் விட்டது அளவை. உப்பு ஆளைக் கொல்லும் என்பதும் உண்மை. ஒரு படி உப்பைத் தின்றால். கதிர்வீச்சு மண்ணிலிருந்து வருகிறது, வானத்திலிருந்து வருகிறது, நம் எலும்புக்குள்ளிருந்தே வருகிறது. காசநோய் இருக்கிறதா என்று பார்க்க நெஞ்சில் எக்ஸ்ரே எடுத்தால் அதிலும் கொஞ்சம் படுகிறது. நிலையத்தில் வேலை செய்பவருக்கு அதோடு இன்னும் கொஞ்சம் கூடும். அதற்கு ஒரு வரம்பு உண்டு, அதை ஆள் ஆளாக அளக்கிறார்கள். அந்த அளவில் குழந்தை பிறக்காமல் போவதுமில்லை, மனைவிக்கு அது ஒட்டிக்கொள்வதுமில்லை. இதெல்லாம் எனக்குப் பாடமாகவே தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. அதை நம்பித்தான் பேசினேன்.

அடுத்த வாரம் வகுப்பில் அணுக்கருப் பிளவு பாடம். தள்ளிப்போட்டிருக்கலாம், தள்ளிப்போடவில்லை. எப்போதும் போல நன்றாகவே நடத்தினேன். யுரேனியத்தின் கருவை ஒரு நியூட்ரான் மோதினால் அது இரண்டாக உடைகிறது. உடையும்போது வெப்பம் வருகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்கள் தெறிக்கின்றன. அவை போய் அடுத்த கருக்களை உடைக்கின்றன. ஊரில் ஒரு பேச்சு கிளம்பி, ஒருவர் இரண்டு பேரிடம் சொல்ல, அவர்கள் ஆளுக்கு இரண்டு பேரிடம் சொல்ல, பொழுது சாய்வதற்குள் ஊரெல்லாம் பரவுகிறதே, அது போல என்று சொன்னேன். அணுகுண்டில் அந்தப் பேச்சைத் தடுக்க யாருமில்லை. உலையில், நியூட்ரான்களை விழுங்கும் தண்டுகள் இருக்கின்றன. காதில் வாங்கிக்கொண்டு யாரிடமும் சொல்லாத ஆட்களைப் போல. அவற்றை இறக்கினால் பேச்சு அடங்கிவிடும். வரும் வெப்பத்தில் தண்ணீர் கொதித்து, நீராவி சக்கரத்தைச் சுற்றி, மின்சாரம் எடுப்பது நிலக்கரி நிலையத்தில் நடப்பதேதான். அடுப்பு மட்டும்தான் வேறு.

ஒரு மாணவன் எழுந்து, "அப்ப ஆபத்தே இல்லீங்களா சார்?" என்றான்.

"குண்டு மாதிரி வெடிக்கும் ஆபத்து இல்லை. ஆனால் உலையை நிறுத்திய பிறகும் உள்ளே சூடு வந்துகொண்டே இருக்கும். அதற்குத் தண்ணீர் போய்க்கொண்டே இருக்க வேண்டும். போகாவிட்டால் எரிபொருள் உருகும், உருகினால் உள்ளே இருப்பது வெளியே வரலாம். பயப்பட வேண்டியது அதற்கு. மற்றதெல்லாம் வதந்தி" என்றேன்.

மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அரைப் படி கூட்டாமல் குறைக்காமல் அவர்களுக்குச் சொன்னதை என் அப்பாவுக்கு நான் சொல்லவில்லை.

நான் சொன்னது திருச்செங்கோடு வரைக்கும் போனது. போகும் வழியில் வளர்ந்தது. 'பாதிக்கும்' என்று நான் சொன்னது, 'ஊனமாத்தான் பொறக்குமாம்' என்றும், 'கட்டிக்கிறவளுக்கும் புற்று வருமாம்' என்றும் ஆனது. எல்லாவற்றுக்கும் கடைசியில், 'காலேஜ் வாத்தியாரே சொல்லிட்டாரு' என்ற முத்திரை. அந்தப் பையனுக்குப் பேசி வைத்திருந்த வேறு இரண்டு இடங்களும் பின்வாங்கின என்று பிறகு கேள்விப்பட்டேன்.

ஒரு நாள் சேலம் பேருந்து நிலையத்தில் அவரே எதிரில் வந்து நின்றார்.

"சார், நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேங்க."

"நீங்க சொன்னதா எங்கப்பா ஒண்ணு சொன்னாருங்க. நான் நம்பலீங்க. எம்.எஸ்ஸி. பிசிக்ஸ் படிச்சவரு அப்படிச் சொல்லியிருக்க மாட்டாரு, நடுவுல எவனோ திரிச்சிருப்பான்னு சொன்னேன்."

அவர் என்னை இக்கட்டில் மாட்ட வரவில்லை. இல்லை என்று நான் சொல்வேன் என உண்மையாகவே எதிர்பார்த்து நின்றார். நான், "ஊட்டுல பெரியவங்க எடுத்த முடிவுங்க" என்றேன். அவர் கீழே வைத்திருந்த பையை எடுத்துக்கொண்டார். பிறகு, "செரிங்க சார், வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுத் தன் பேருந்தில் ஏறிக்கொண்டார். அவருக்குப் புரிந்துவிட்டது என்பது அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தும் வெளியே பார்க்காததிலிருந்து தெரிந்தது.

ஒரே பந்தலில் இரண்டு கல்யாணம் நடந்தது. நான் விரும்பிய பெண் எனக்குக் கிடைத்தாள். என் தங்கை நாமக்கல்லுக்குப் போனாள்.

அந்த மாப்பிள்ளையைப் பற்றிக் குறையாக ஒன்றும் சொல்ல முடியாது. வாய் நிறையச் சிரிப்பவர். நாக்பூரிலிருந்து திரும்பினால் கூடையில் ஆரஞ்சு வரும். என் தங்கையை நன்றாக வைத்திருந்தார். மாதத்தில் நான்கைந்து நாள் வீட்டில் இருப்பார்; மற்ற நாளெல்லாம் சாலையில். ஒரு பெண் குழந்தை பிறந்தது, எந்தக் குறையும் இல்லாமல். பெரியப்பா குழந்தையைத் தூக்கி விரலெண்ணிப் பார்த்துவிட்டு, "பாத்தியா, நம்ம வாத்தியாரு புத்தி!" என்றார்.

நாமக்கல்லில் அந்த நாளில் எந்தத் தெருவுக்குள் போனாலும் வண்டியில் போய் இறந்தவரின் வீடு ஒன்று இருக்கும். எல்லோருக்கும் அது தெரியும். ஆனால் பெண் கொடுக்கும்போது எந்தத் தகப்பனும் படித்த மகனைக் கூப்பிட்டு, "லாரி ஆபத்தா சாமி?" என்று கேட்டதில்லை. தூங்காமல் இரண்டு நாள் ஓட்டுவதும், தேய்ந்த டயரில் இன்னொரு நடை போவதும் எங்களுக்குக் கண்ணுக்குத் தெரிந்த விஷயங்கள். கண்ணுக்குத் தெரிவதால் பயமில்லை. அணு கண்ணுக்குத் தெரியாது. அதனால் அதைக் கண்டு நடுங்கினோம். கேட்டிருந்தால் லாரியைப் பற்றி நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா என்றால், அதுவும் மாட்டேன். எனக்கு அந்த வீட்டுப் பெண் வேண்டியிருந்தது.

தங்கையின் கணவர் உயிர் தொப்பூர்க் கணவாயில் போனது. வடக்கேயிருந்து சரக்கோடு திரும்பும் வழியில், இறக்கத்தில் வண்டி பாறையில் மோதியது. கூட இருந்த கிளீனர் பிழைத்துக்கொண்டார். முன்தினம் முழுக்க அவர் கண்ணை மூடவில்லை என்று அந்தக் கிளீனர்தான் சொன்னார். என் மனைவி அண்ணனை இழந்தாள், என் தங்கை கணவனை இழந்தாள். இரண்டு பேரும் என் வீட்டில் ஒரே மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். நான் வெளியே நின்று வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கை குழந்தையோடு அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தாள். அதற்கு அடுத்த வருடம்தான் சோவியத் ரஷ்யாவில் செர்னோபில் அணு உலை வெடித்த செய்தி வந்தது. வானொலியில் அதே பேச்சு, டீக்கடையில் அதே பேச்சு. எங்கள் ஊர் டீக்கடையில் செய்தித்தாளை வாசித்தவர்கள் அதை மடிப்பதற்கு முன் என் பெயரைச் சொன்னார்கள். "அன்னைக்கே சொன்னாம் பாரு எம்பையன்!" என்று அப்பா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார். நான் ஊருக்குப் போனபோது முன்பின் பேசாதவர்களெல்லாம் வந்து கையைப் பிடித்தார்கள். பெரியப்பா என் தங்கையிடம் சொன்னது என் காதிலேயே விழுந்தது.

"உம்பட அண்ணன் மட்டும் வாயத் தொறக்காமப் போயிருந்தா உங்கதி என்னாயிருக்கும் அம்முணி! பொழச்சே போ!"

வெறும் நெற்றியோடு நின்றிருந்த அவள் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த வருடக் கடைசியில் விபத்து நஷ்டஈட்டு வழக்குக்காக அவள் சேலம் நீதிமன்றத்துக்கு வந்தாள். நான் அப்போது ஏற்காடு மலைப்பாதை தொடங்கும் இடத்தில், கொண்டப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்தேன். வாய்தா போட்டுவிட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குக் கூட்டி வந்தேன். என் மனைவி எங்கள் பையனுக்குச் சோறு எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போயிருந்தாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்த தங்கை கேட்டாள்.

"அண்ணா, அந்தத் திருச்செங்கோட்டுக்காரருக்கு ரெண்டு கொழந்தைங்களாம். ஒரு கல்யாணத்துல பாத்தேன். ரெண்டும் நல்லா ஓடியாடுது. ரஷ்யாவுல நடந்தது என்ன, இங்க நடக்கறது என்ன, எனக்குப் புரியறாப்புல சொல்லு."

அவள் அதற்கு முன் என்னிடம் இப்படி விளக்கம் கேட்டதில்லை. நான் சொல்ல ஆரம்பித்தேன். பள்ளியில் படிக்கும்போது அவள் மேட்டூர் அணையில் பார்த்த மின்சாரச் சக்கரத்திலிருந்து தொடங்கினேன். அங்கே விழும் தண்ணீர் சுற்றுவதை இங்கே நீராவி சுற்றுகிறது என்றேன். ரஷ்ய உலை வேறு வகை என்றேன். நியூட்ரானின் வேகத்தைத் தணிக்க அவர்கள் கரிக்கட்டிகளை அடுக்கியிருந்தார்கள். நம் உலையில் அந்த வேலையைச் செய்வது ஒரு வகைக் கனமான தண்ணீர். பாதுகாப்பு ஏற்பாடுகளைத் தாங்களே நிறுத்தி வைத்துவிட்டு ஒரு சோதனை நடத்தினார்கள், உலை கைமீறி, நீராவி அழுத்தத்தில் வெடித்தது, கரி எரிந்தது. நம்முடையதைப் போல் சுற்றிலும் தடித்த கான்கிரீட் கூடு அதற்கு இல்லை. வெடித்தது அணுகுண்டு இல்லை, ஆனால் நஞ்சு நாடு நாடாகப் போனது நிஜம், ஆட்கள் செத்ததும் நிஜம்.

"அப்ப இங்க ஒண்ணும் ஆகாதா?"

"ஆகவே ஆகாதுன்னு சொல்ல மாட்டேன். கவனமில்லாம இருந்தா எதுவும் ஆகும். கவனமா இருந்தா நம்ம ரோட்டுல போறதவிட அது எவ்வளவோ மேலு."

"அங்க வேல செய்யறவங்களுக்கு?"

"ஒண்ணும் இல்ல. அளவுக்குள்ளதான் படும்."

"கட்டிக்கிட்டவளுக்கு?"

"ஒட்டாது. அது சளி இல்ல, அம்மை இல்ல."

"கொழந்தைக்கு?"

நான் இல்லையென்று தலையை அசைத்தேன். அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். கை எப்போதோ காய்ந்திருந்தது.

"இதெல்லாம் நீ இப்பப் படிச்சதா?"

"இல்ல."

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும்."

மலைப்பாதையில் ஏறும் பேருந்து ஒன்று கியர் மாற்றி உறுமிக்கொண்டு போனது.

"நங்கைக்காகவா?"

அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் அப்படித்தான் அழைப்பது. அவளுக்குப் பதில் தேவைப்படவில்லை.

"நங்கைகிட்டச் சொல்லிப்போடாதே. அவுங்க அண்ணன் சாவுக்குத் தாந்தான் காரணம்னு அது நெனச்சுக்கும். அது பாவம், ஒண்ணும் பண்ணலை." பிறகு, "ஆனா அப்பங்கிட்டச் சொல்லு. ஊர்ல ஒவ்வொருத்தரும் வந்து உன்னால நான் பொழச்சேங்கறாங்க. தாலியறுத்தவளப் பாத்துப் பொழச்சேங்கறாங்கண்ணா. அதைக் கேட்டுக்கிட்டு என்னால அந்த ஊர்ல இருக்க முடியாது. நீ வந்து சொல்லோணும்" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அப்பாவும் பெரியப்பாவும் தோட்டத்தில், மோட்டார் ரூமுக்கு வெளியே, கரண்ட் வருவதற்காகக் காத்திருந்தார்கள். தங்கை சாப்பாட்டுத் தூக்கோடு வந்திருந்தாள். நான் நின்றபடியே சொன்னேன். அணுமின் நிலையத்துப் பையனைப் பற்றி அன்று நான் சொன்னது தப்பு; அங்கே பயப்பட ஒன்றுமில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்; தெரிந்தே பயமுறுத்தினேன்.

அப்பா என்னை அண்ணாந்து பார்த்தார். "ரஷ்யாவுல வெடிச்சது பொய்யா?"

"அது வேறங்கப்பா."

"வேற என்ன வேற? வெடிச்சுதா, இல்லியா?"

பெரியப்பா என் தோளைத் தட்டினார். "உடு சாமி. மச்சானப் பறிகுடுத்த வெசனம் உனக்கு. தங்கச்சி இப்படி நிக்கறதப் பாக்கப் பொறுக்காமப் பேசறே."

"இல்லீங்க பெரியப்பா, நான் பொய்தான் சொன்னேன்."

"செரி, பொய்யே சொன்னேன்னு வெச்சுக்குவோம். கூடப் பொறந்தவ வாழ்க்கையில பொய் சொல்லி உனக்கென்ன லாபம்? அதச் சொல்லு பாக்கலாம்."

இதற்குத்தான் என்னிடம் பதில் இருந்தது. என் மனைவியின் பெயரைச் சொல்லியிருந்தால் அன்றே நம்பியிருப்பார்கள். நான் தங்கையைப் பார்த்தேன். அவள் தூக்கின் மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் வேண்டாம் என்று சொன்னதால்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். உண்மையில், அவள் சொல்லச் சொல்லியிருந்தாலும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பேன். "லாபம் ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

"அப்புறம் என்ன!" என்று பெரியப்பா சிரித்தார். கரண்ட் வந்துவிட்டது. மோட்டார் போட அவர் உள்ளே போனார்.

அப்பா எழுந்து என் பக்கத்தில் வந்தார். மோட்டார் சத்தத்தில் மற்றவர்களுக்குக் கேட்காது. "இனி இத எங்கயும் பேசாதே. நீ சொல்றது நெசம்னு நான் எடுத்துக்கிட்டா, ஆத்தா குடுத்த பூவத் தள்ளிப்போட்டு எம்புள்ள தாலிய நானே அறுத்ததா ஆயிரும். எனக்கு அதத் தாங்கத் தெம்பில்ல சாமி" என்றார். பிறகு மடை திறக்கப் போய்விட்டார். சாகும் வரை, தன் மகன் மகளைக் காப்பாற்றினான் என்றே ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். நான் சொன்னதை அவர் நம்பினார் என்பது எனக்குத் தெரியும்.

தங்கை பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வரப்பில் முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். ஏதாவது திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். வீடு வந்ததும் அவள் பாத்திரம் கழுவ உட்கார்ந்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஊரில் இருக்கவில்லை. ஆசிரியர் பயிற்சி படித்து, ஆத்தூர்ப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை வாங்கிக்கொண்டு மகளோடு போய்விட்டாள். என்னோடு சண்டை கிடையாது. பண்டிகைக்கு வருவாள், என் மனைவியோடு உட்கார்ந்து பேசிச் சிரிப்பாள், எனக்குச் சோறு போடுவாள். என் மனைவி போன வருடம் இறந்தபோது பத்து நாள் கூடவே இருந்து எல்லாம் செய்தாள். அந்த மரணத்துக்குப் பிறகுதான் இதை எழுத எனக்குத் துணிவு வந்தது என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். துணிவு என்று அதைச் சொல்லலாமா என்பது வேறு விஷயம்.

ஆனால் அந்தத் தோட்டத்திலிருந்து திரும்பிய நாள் முதல் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. மகளை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று கேட்கவில்லை. மாப்பிள்ளை எப்படி என்று கேட்கவில்லை. சென்ற மாதம் அவளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் மேசை மேல் இருந்தன. நான் எடுத்துப் பார்த்து, இது ரத்த அழுத்தத்துக்கு, சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும் என்றேன். அவள் தலையாட்டினாள். சற்று நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு மருந்துக்கடைக்குப் போய், அங்கிருந்த பெண்ணிடம் அதையே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்து போட்டுக்கொண்டாள்.